ஆர்-123 சில்லர்களில் கசிவு கண்டுபிடித்தல்: படிப்படியான முழு வழிகாட்டி

இந்த வழிகாட்டி ஆர்-123 என்ற தாழ் அழுத்த ரெஃப்ரிஜரன்ட் (குளிரூட்டும் பொருள்) நிரப்பப்பட்ட சென்ட்ரிஃபியூகல் சில்லர்களுக்கானது; பெரிய கட்டடங்களுக்குத் தண்ணீரைக் குளிர்வித்துக் கொடுக்கும் இயந்திரங்கள் இவை. ஸ்பிளிட் ஏசியிலும் கோல்ட் ஸ்டோரேஜிலும் பல ஆண்டுகள் வேலை செய்த கைதேர்ந்த டெக்னீஷியன்கள்கூட இந்த இயந்திரத்தின் முன் வந்து நிற்கும்போது தடுமாறுகிறார்கள். அவர்களிடம் திறமை குறைவு என்று சொல்ல முடியாது. உயர் அழுத்த இயந்திரத்தில் பழகிய வேலை வரிசையை இங்கே அப்படியே கையாள்வதுதான் தடுமாற்றத்துக்குக் காரணம். ஆகவே கருவிகளைவிட வரிசைக்கே இங்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. கசிவு எந்தத் திசையில் நடக்கிறது என்பதை முதலில் தீர்மானியுங்கள்

ஆர்-123, கடல் மட்டக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 27.8 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. ரெஃப்ரிஜரன்ட் ஆவியாகும் பகுதியான எவாப்பரேட்டர் 5 டிகிரியில் ஓடும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் சுமார் 41 கிலோபாஸ்கல். வெளிக்காற்றின் அழுத்தமோ சுமார் 101 கிலோபாஸ்கல். அந்தப் பக்கம் ஓட்டை இருந்தால் எதுவும் வெளியே வராது, காற்றும் ஈரமும் உள்ளே போகும். அதே நேரத்தில் ஆவி மீண்டும் திரவமாகும் பகுதியான கண்டென்சர் 40 டிகிரியில் சுமார் 154 கிலோபாஸ்கலில் இருக்கும் என்பதால், அந்தப் பக்கத்து ஓட்டை வழியே ரெஃப்ரிஜரன்ட் வெளியேறும்.

ஓடும் இயந்திரத்தின் எவாப்பரேட்டரைச் சுற்றி லீக் டிடெக்டரைக் காட்டிவிட்டு "கசிவு இல்லை" என்று எழுதிக் கொடுப்பதுதான் நான் அதிகமாகப் பார்த்த பிழை. வெற்றிடத்தில், அதாவது வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தத்தில், இருக்கும் பகுதியில் டிடெக்டர் ஒலிக்காததற்கு எந்தப் பொருளும் இல்லை.

நம் ஊர் வெப்பத்தில் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். சென்னையில் கோடைக்காலத்தில் பிளான்ட் ரூம் 35 டிகிரியில் இருந்தால், நிறுத்தி வைத்த சில்லரின் உள்ளே முழுவதும் சுமார் 130 கிலோபாஸ்கல் அழுத்தம் இருக்கும்; அதாவது வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும் காட்டும் சாதாரண கேஜில் ஏறத்தாழ 4 பிஎஸ்ஐ காட்டும். பகலில் ஓடும்போது காற்றை உள்ளே இழுத்த அதே ஓட்டை, இரவில் நிறுத்தியபின் ரெஃப்ரிஜரன்டை வெளியே விடுகிறது. பெங்களூரில் காற்றழுத்தம் சுமார் 91 கிலோபாஸ்கல்தான் என்பதால் அங்கே இந்தத் திருப்பம் 25 டிகிரியிலேயே நிகழ்ந்துவிடும். எனவே இயந்திரம் எந்த ஊரில், எந்த வெப்பநிலையில் நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

ஆர்-1233இசட்டி நிரப்பிய புதிய இயந்திரங்களுக்கு இந்த எண்கள் பொருந்தா. அது சுமார் 18 டிகிரியிலேயே கொதிப்பதால் அழுத்தங்கள் எல்லாம் கூடுதலாக இருக்கும். அங்கே நேம் பிளேட்டில் உள்ள அளவுகளையே பின்பற்ற வேண்டும்.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஆர்-123க்குச் சென்சார் பொருந்தும் எலெக்ட்ரானிக் லீக் டிடெக்டர், முழு அழுத்தத்தை (வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்த அளவை) நேரடியாகக் காட்டும் டிஜிட்டல் கேஜ், நம்பகமான தெர்மாமீட்டர், ஆர்-123இன் அழுத்த-வெப்பநிலை அட்டவணை, சோப்புக் கரைசல், தூரிகை, கண்ணாடி பொருத்திய கைவிளக்கு, உள்ளே தண்ணீர் ஓடும் ட்யூப்களின் முனைகளை அடைக்கும் ரப்பர் பிளக்குகள் ஆகியவை தேவை. வெற்றிடச் சோதனைக்கு வேக்குவம் பம்பும் மைக்ரான் கேஜும் வேண்டும். அழுத்தம் ஏற்றுவதற்கு எவாப்பரேட்டர் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் அமைப்போ, ஷெல்லைச் சுற்றிக் கட்டும் ஹீட்டிங் பிளாங்கெட்டோ போதும்.

சுடரின் நிற மாற்றத்தால் கசிவைக் காட்டும் ஹாலைடு டார்ச்சை எடுத்து வர வேண்டாம். சுடரில் படும் ஆர்-123 சிதைந்து அமில வாயுக்களாக மாறும். பிளான்ட் ரூமில் புகைபிடிப்பதையும் வெல்டிங் வேலையையும் நிறுத்தச் சொல்வதற்கும் அதுவே காரணம்.

ஆர்-123 பாதுகாப்பு வகைப்பாட்டில் "பி1" வகையைச் சேர்ந்தது; பி என்பது கூடுதல் நச்சுத்தன்மையையும், 1 என்பது தீப்பரவாத தன்மையையும் குறிக்கும். பணிநேரம் முழுவதற்குமான வரம்பாக காற்றில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) கொள்ளப்படுகிறது. அதன் ஆவி காற்றைவிடப் பல மடங்கு கனமானது என்பதால் தரையோரத்திலும் கேபிள் ட்ரெஞ்சிலும் தேங்கும். பேஸ்மென்டில் வேலை என்றால், தரைமட்டத்திலிருந்து உறிஞ்சும் எக்ஸாஸ்ட் ஓடுகிறதா என்று பார்த்தபின்பே உள்ளே இறங்குங்கள். தனியாக ஒருவர் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

3. டிடெக்டரைத் தொடுமுன் பர்ஜ் பதிவேட்டைப் படியுங்கள்

உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவதுதான் பர்ஜ் யூனிட்டின் வேலை. ஆகவே அது ஒரு நாளில் எத்தனை நிமிடம் பம்ப்-அவுட் செய்தது என்ற பதிவு, இயந்திரம் தானே எழுதி வைத்திருக்கும் கசிவுக் கணக்கு. மூன்று மாதப் பதிவையாவது எடுத்து, இயந்திரம் ஓடிய மணிநேரத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஓடிய நாட்களில் மட்டும் பர்ஜ் நேரம் கூடியிருந்தால், கசிவு தாழ் அழுத்தப் பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்: எவாப்பரேட்டர், சக்ஷன் எல்போ, கம்ப்ரஸருக்குள் போகும் ஆவியைக் கட்டுப்படுத்தும் வேன்களை இயக்கும் தண்டின் சீல், மோட்டார் வெளியே இருக்கும் ஓப்பன் டிரைவ் இயந்திரமானால் ஷாஃப்ட் சீல். குளிர் மாதத்தில் இயந்திரம் நின்றிருந்தபோதும் பர்ஜ் ஓடியிருந்தால், கண்டென்சர் உட்பட முழு இயந்திரத்தையும் சந்தேகிக்க வேண்டும். அப்போது எல்லாப் பகுதியும் வெற்றிடத்தில்தான் இருந்திருக்கும். பர்ஜ் நேரம் கூடாமலேயே ரெஃப்ரிஜரன்ட் மட்டம் இறங்குகிறது என்றால் கண்டென்சர் பக்கத்தையும், பர்ஜின் வெளியேற்றுக் குழாயையும், நிறுத்தி வைக்கும் வேளையில் நடக்கும் வெளிக்கசிவையும் பார்க்க வேண்டும்.

பர்ஜ் யூனிட்டின் ஈரப் பிரிப்பானில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். கொஞ்சம் ஈரம் காற்றோடு வந்திருக்கலாம். ஆனால் திரும்பத் திரும்பத் தண்ணீர் சேர்ந்தால் ட்யூப் ஓட்டையை முதலில் சந்தேகியுங்கள், எட்டாவது படியை முன்னுக்குக் கொண்டு வாருங்கள்.

பர்ஜ் யூனிட்டும் அதற்குப் போகும் மெல்லிய குழாய்களும் தாமே கசியலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பர்ஜின் ஐசொலேஷன் வால்வுகளை மூடி, அதைத் தனியாகச் சில மணி நேரம் கவனித்தால், பெரிய இயந்திரத்தை முழுதும் தேடும் உழைப்பு மிச்சமாகும் சந்தர்ப்பங்கள் உண்டு.

4. உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்று அளந்து, அதை வெளியேற்றுங்கள்

சில்லரையும் தண்ணீர் பம்புகளையும் நிறுத்தி, இரவு முழுவதும் விட்டு, வெப்பநிலை எங்கும் சமமானபின் ரெஃப்ரிஜரன்ட் திரவத்தின் வெப்பநிலையையும் உள்ளே உள்ள முழு அழுத்தத்தையும் ஒரே நேரத்தில் குறியுங்கள். 30 டிகிரியில் தூய ஆர்-123 சுமார் 110 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். 116 காட்டினால், கூடுதலாக உள்ள 6 கிலோபாஸ்கல் காற்றினுடையது.

இதை அளப்பதோடு நிறுத்தாமல், பர்ஜை ஓடவிட்டு அந்தக் காற்றை வெளியேற்றியபின்பே அழுத்தம் ஏற்ற வேண்டும். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. காற்று கலந்திருந்தால் வெப்பநிலையைப் பார்த்து அழுத்தத்தைக் கணிக்க முடியாது; 40 டிகிரிக்கு 8 பிஎஸ்ஐ என்று நினைத்திருக்கும்போது 10 பிஎஸ்ஐ வந்து நிற்கும். இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. காற்று கண்டென்சரின் மேற்பகுதியில் திரள்கிறது. அங்கே ஓட்டை இருந்தால் முதலில் வெளியே வருவது காற்றுதான். டிடெக்டருக்குக் காற்றை அடையாளம் தெரியாது. உண்மையான ஓட்டையின் மேல் டிடெக்டர் முனையை வைத்துக்கொண்டே "இங்கே இல்லை" என்று நகர்ந்து போவது இப்படித்தான் நேர்கிறது.

5. அறைக் காற்றைச் சுத்தமாக்குங்கள்

டிடெக்டரை ஆன் செய்தவுடன் அது எல்லா இடத்திலும் ஒலித்தால் கருவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அறை முழுவதும் ஆவி பரவியிருக்கிறது என்று பொருள். எக்ஸாஸ்டை ஓட்டி அறைக் காற்று மாறியபின், விசிறிகளை நிறுத்தித் தேடலைத் தொடங்க வேண்டும்; காற்று வீசும் இடத்தில் சிறு கசிவின் ஆவி முனையை எட்டாமலே போய்விடும். ஆனால் நிலையான ரெஃப்ரிஜரன்ட் மானிட்டர் எச்சரித்தால் உடனே எக்ஸாஸ்டை மறுபடி ஓட்டிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பெயின்ட், கிளீனிங் சால்வென்ட், புதிய கேஸ்கட் பசை ஆகியவையும் சில சென்சார்களை ஒலிக்கச் செய்யும். முந்தைய நாளில் இயந்திரத்துக்குப் பெயின்ட் அடித்திருந்தால் தேடலை ஒத்திப்போடுவதே நல்லது.

6. வெப்பத்தால் அழுத்தம் ஏற்றுங்கள், நைட்ரஜனால் வேண்டாம்

ரெஃப்ரிஜரன்ட் உள்ளே இருக்கும்போது நைட்ரஜன் சிலிண்டரைக் கொண்டு வந்து மாட்டுவது கை தானாகச் செய்யும் வேலை. அதைத் தவிர்க்க வேண்டும். உள்ளே போன நைட்ரஜன் முழுவதையும் பிறகு பர்ஜ்தான் வெளியேற்ற வேண்டும், ஒவ்வொரு பம்ப்-அவுட்டிலும் கொஞ்சம் ரெஃப்ரிஜரன்டும் அதோடு போகும். நான்காம் படியில் சொன்ன டிடெக்டர் சிக்கலையும் நாமே வரவழைத்தது போலாகும். வெப்பமோ எதையும் உள்ளே சேர்க்காமல் அழுத்தத்தை மட்டும் உயர்த்துகிறது.

செய்முறை இது. கம்ப்ரஸரின் மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டுங்கள். பர்ஜை நிறுத்துங்கள். கண்டென்சர் தண்ணீரின் ஓட்டத்தை நிறுத்தி, முடிந்தால் வடித்துவிடுங்கள். அங்கே குளிர்ந்த டவர் தண்ணீர் நின்றால், எவாப்பரேட்டரில் கிளம்பும் ஆவி கண்டென்சரில் போய்த் திரவமாகிவிடும். மணிக்கணக்கில் சூடேற்றியும் கேஜ் ஏன் அசையவில்லை என்று குழம்பும் பலருக்கு விடை இதுதான். எவாப்பரேட்டரின் தண்ணீர்ப் பக்கத்தைக் கட்டட லைனிலிருந்து பிரித்து, ஹீட்டர் வழியாகச் சுழலவிட்டு, ட்யூப்களின் முனையில் தண்ணீர் சேரும் வாட்டர் பாக்ஸின் வென்ட்டைத் திறந்தே வையுங்கள். அடைத்துப் பூட்டிய தண்ணீர் சூடாகி விரிந்தால் கேஸ்கட்டையே பெயர்த்துவிடும்.

மெதுவாகச் சூடேற்றி, முதலில் 2 பிஎஸ்ஐயில் நிறுத்தி ஒரு சுற்று பாருங்கள். பெரிய ஓட்டை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், வீணாக ரெஃப்ரிஜரன்டை இழக்க வேண்டாம். பிறகு 8 பிஎஸ்ஐ வரை போகலாம். தூய ஆர்-123க்கு அது ஏறத்தாழ 40 டிகிரி. ஹீட்டரை நிறுத்தியபின்னும் தண்ணீரில் உள்ள வெப்பம் அழுத்தத்தை இன்னும் சற்று உயர்த்தும் என்பதால், 7ஐத் தொடும்போதே நிறுத்திவிட வேண்டும்.

எந்த நிலையிலும் 10 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது. இத்தகைய சில்லர்களின் ரப்சர் டிஸ்க் (அழுத்தம் மிகும்போது உடைந்து இயந்திரத்தைக் காக்கும் தகடு) 15 பிஎஸ்ஐயில் உடைய அமைக்கப்பட்டது. அது ஒருமுறை உடைந்தால் மறுபடி மூடிக்கொள்ளாது. உள்ளே இருக்கும் ரெஃப்ரிஜரன்ட் வென்ட் பைப் வழியே மொட்டைமாடிக்குப் போய்விடும். சூடேற்றும் நேரம் முழுவதும் ஒருவர் கேஜ் முன் நிற்க வேண்டும், டீ குடிக்கப் போனாலும் இன்னொருவரை நிறுத்திவிட்டுப் போக வேண்டும்.

ரெஃப்ரிஜரன்ட் முழுவதையும் எடுத்துவிட்ட காலி இயந்திரமானால் நைட்ரஜன் பயன்படுத்தலாம். ரெகுலேட்டரும் ரிலீஃப் வால்வும் கட்டாயம், 10 பிஎஸ்ஐ வரம்பும் அப்படியே. ஆக்சிஜனையோ கம்ப்ரஸர் காற்றையோ ஒருபோதும் ஏற்றக் கூடாது. எண்ணெயோடு சேர்ந்த ஆக்சிஜன் வெடிக்கும், காற்று ஈரத்தைக் கொண்டு வரும்.

7. மேலிருந்து கீழாகத் தேடுங்கள்

ஆவி கனமானது என்பதால் மேலே உள்ள ஓட்டையிலிருந்து வழிந்து கீழே உள்ள ஒவ்வொரு இணைப்பையும் நனைக்கும். கீழிருந்து தொடங்கினால் நல்ல ஃபிளாஞ்சுகள் எல்லாம் கசிவதுபோலத் தோன்றும். ஆகவே இயந்திரத்தின் உச்சியிலிருந்து இறங்கி வர வேண்டும். ஒவ்வோர் இணைப்பிலும் அதன் அடிப்பக்கத்தில் முனையைப் பிடிக்க வேண்டும். வினாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் நகர்த்தலாம். புதியவர்கள் தூசி தட்டுவது போல முனையை வீசிக்கொண்டு போகிறார்கள். சென்சார் பதில் சொல்லுமுன் கை அடுத்த போல்ட்டுக்குப் போயிருக்கும்.

தேடும் இடங்களில் எனக்கு அனுபவம் கற்பித்த முன்னுரிமை உண்டு. வேன் தண்டு சீல், மோட்டார் டெர்மினல் கேஸ்கட்டுகள், சைட் கிளாஸ், எண்ணெய் ஃபில்டரின் ஓ-ரிங், கேஜ் லைன்களின் ஃபிளேர் நட்டுகள், சர்வீஸ் வால்வுகளின் தண்டு ஆகியவை முதலில். அடிக்கடி கை படுகிற, அதிர்கிற இடங்கள் இவை. பெரிய ஷெல் ஃபிளாஞ்சுகள் அதற்கு அடுத்து.

கண்ணாலும் பாருங்கள். ஓரிடத்தில் எண்ணெய் ஊறி, அதன் மேல் தூசி படிந்து, விரலால் தொட்டால் கருப்பாக ஒட்டும் பிசுபிசுப்பு இருந்தால் டிடெக்டர் ஒலிக்காவிட்டாலும் அந்த இணைப்பைக் குறித்து வையுங்கள். எண்ணெய் ஆவியோடுதான் பயணிக்கிறது. எண்ணெய் சம்ப்பின் அடியில் கண்ணாடியை நீட்டி, விளக்கைச் சாய்த்துப் பார்த்தால், நேராகப் பார்க்கும்போது தெரியாத ஈரக்கோடு போல்ட் தலையின் பின்னால் மின்னும்.

ரப்சர் டிஸ்க்கை மறந்துவிடாதீர்கள். கார்பன் டிஸ்க்கில் மயிரிழை வெடிப்பு இருந்தால் கசிவு மொட்டைமாடி வரை போய்விடும், அறையில் எதுவும் தெரியாது. வென்ட் பைப்பின் அடியில் உள்ள வடிகால் மூடியைத் திறந்து, தண்ணீர் இருந்தால் வடித்து, அங்கே முனையை வையுங்கள்.

8. ட்யூப் கசிவை வாட்டர் பாக்ஸ் வழியே சோதியுங்கள்

இயந்திரம் அழுத்தத்தில் இருக்கும்போதே வாட்டர் பாக்ஸின் தண்ணீரை முழுதும் வடித்து, அரை மணி நேரமாவது விட்டு, கீழே உள்ள டிரெயின் வால்வு வழியாக டிடெக்டர் முனையை நுழையுங்கள். முனையில் தண்ணீர் ஏறினால் சென்சார் போய்விடும். ஆகவே முதலில் ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள். ஒலித்தால் ட்யூப்போ, ட்யூப் ஷீட்டின் உருட்டுப் பிணைப்போ கசிகிறது.

அதன்பின் வாட்டர் பாக்ஸ் மூடியைக் கழற்றி, ட்யூப்களின் இரு முனைகளையும் ரப்பர் பிளக்குகளால் அடைத்து, சற்று நேரம் கழித்து ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளிருக்கும் காற்றைச் சோதிக்க வேண்டும். அடைக்காமல் நேரடியாகச் சோதித்தால் பக்கத்து ட்யூப்பின் ஆவி ஏமாற்றும். ட்யூப் சுவர்கள் எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கின்றன என்று தெரிய மின்காந்த முறையில் அவற்றை ஆராயும் எடி கரன்ட் சோதனை தேவைப்படும். ஒரு ட்யூப் ஓட்டையானால், அதே வயதுள்ள மற்றவற்றையும் அந்தச் சோதனையில் பார்த்துவிடுவதே சரி என்பது என் கருத்து.

9. உறுதி செய்து, சரியான அழுத்தத்தில் பழுது பாருங்கள்

டிடெக்டர் ஒலித்த இடத்தைத் துடைத்து, சோப்புக் கரைசல் பூசி, குமிழி எழுகிறதா என்று ஒரு நிமிடமாவது காத்திருந்து பாருங்கள். வெற்றிடத்தில் இருக்கும் இணைப்பில் சோப்புக் கரைசலைப் பூசவே கூடாது. அது உள்ளே இழுக்கப்பட்டுவிடும். முதல் கசிவு கிடைத்தவுடன் தேடலை நிறுத்திவிடாதீர்கள். பழைய இயந்திரத்தில் ஒன்றுக்கு மேல் இருப்பதே வழக்கம்.

சிறு பழுதுக்கு முழு ரெஃப்ரிஜரன்டையும் எடுக்க வேண்டியதில்லை. வெப்பத்தைக் குறைத்து, கேஜில் சரியாக 0 நிற்கும்படி வைத்துக்கொண்டு ஓ-ரிங்கையோ ஃபிளேர் நட்டையோ மாற்றலாம். அப்போது உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. கேஸ்கட் கசிந்தால் போல்ட்டை மேலும் மேலும் இறுக்குவதும், மேலே எபாக்சி பூசுவதும் பழுதைத் தள்ளிப்போடும் வேலைதான்.

பெரிய பாகத்தைத் திறப்பதானால் திரவத்தை எடுத்தபின் ஆவியையும் எடுக்க வேண்டும். திரவம் முழுதும் வெளியேறியபின்பும், 350 டன் குளிரூட்டும் திறனுள்ள, ஆர்-11 என்ற பழைய ரெஃப்ரிஜரன்ட் நிரப்பிய ஒரு சில்லரில் 0 பிஎஸ்ஐயில் சுமார் 45 கிலோ ஆவியாகத் தங்கியிருக்கும் என்பது இந்தத் துறையில் பயிற்சியின்போதே சொல்லித் தரப்படும் கணக்கு. ஆர்-123இலும் நிலைமை இதை ஒத்ததே. ரெஃப்ரிஜரன்டை எடுக்கும் நேரம் முழுவதும் ட்யூப்களில் தண்ணீர் ஓடிக்கொண்டோ, முழுதும் வடிக்கப்பட்டோ இருக்க வேண்டும். தேங்கிய தண்ணீர் உறைந்தால் ட்யூப் பிளந்துவிடும்.

10. நிற்கும் வெற்றிடச் சோதனை

ரெஃப்ரிஜரன்ட் முழுவதையும் எடுத்துச் செய்த பழுதுக்குப்பின் இயந்திரத்தை 1 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு, அதாவது 1000 மைக்ரானுக்கு, இறக்கி, வால்வை மூடி, பம்பை நிறுத்திவிட்டுக் கவனியுங்கள். அழுத்தம் 2.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் மறுபடி கசிவு தேட வேண்டும் என்பது அமெரிக்கக் குளிர்பதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் வழிகாட்டு நெறி 3 தரும் வரம்பு.

ஆனால் அழுத்தம் ஏறுவது எல்லாம் ஓட்டையால் என்று கொள்ளக் கூடாது. ஏறும் விதத்தைப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் முதலில் வேகமாக ஏறி, பிறகு ஓரிடத்தில் நிற்கும்; தண்ணீரின் ஆவி அழுத்தம் 30 டிகிரியில் சுமார் 32 மில்லிமீட்டர் என்பதால் அதற்கு மேல் ஈரத்தால் ஏற முடியாது. ஓட்டை இருந்தால் நிற்காமல் ஒரே வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும். எண்ணெயில் கரைந்த ஆர்-123 வெளிவருவதாலும் ஏறும். சோதனைக்கு முன் எண்ணெயை வடித்துவிட்டால் அந்தக் குழப்பம் இராது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணை எழுதி வைத்தால்தான் இந்த வேறுபாடு தெரியும். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் எழுதினால் தெரியாது.

11. ரெஃப்ரிஜரன்ட் ஏற்றி, மறுபடி கணக்கு தொடங்குங்கள்

ஆழ்ந்த வெற்றிடத்தில் திரவத்தை நேரடியாக விட்டால் அது நொடியில் கொதித்து உறைநிலைக்குக் கீழே போய்விடும். எனவே ட்யூப்களில் தண்ணீரைச் சுழலவிட்டு, முதலில் ஆவியாக மட்டும் ஏற்றி, உள் அழுத்தம் சுமார் 36 கிலோபாஸ்கலைத் தாண்டியபின், அதாவது 2 டிகிரிக்கு மேல் வந்தபின், திரவத்தைத் திறக்க வேண்டும்.

இயந்திரத்தை ஓட்டியபின் முதல் சில நாட்கள் பர்ஜ் அதிகம் ஓடும். எஞ்சிய காற்று வெளியேறுவதற்கான நேரம் அது. அதன்பின் வரும் ஒரு வாரத்தின் பர்ஜ் நிமிடங்களை, ஓடிய மணிநேரம், பிளான்ட் ரூம் வெப்பநிலை, எவாப்பரேட்டர் அழுத்தம் ஆகியவற்றோடு தனிப் பக்கத்தில் எழுதி, எந்த இணைப்பில் என்ன மாற்றப்பட்டது என்பதையும் அதன் கீழே குறித்து, பதிவேட்டின் முன்னட்டைக்குள் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை கசிவு தேடி வருபவர் மூன்றாம் படியில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய எண் இதுதான்.